பாகம் மாற்றத்தக்க கணிப்பொறியும் பொதுச் செலவும்

(பொருளாதார மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

1978ஆம் ஆண்டு இந்தியாவின் கணிப்பொறி வரலாற்றில் ஒரு சோதனை ஆண்டாகும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தமக்குள்ள பங்கு மூலதனத்தை 40 சதவிகிதமாகக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. ஆனால் அது தந்த இயந்திரங்கள் அரசுத் துறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தன. இயந்திரத்தைச் செய்தவர் போய்விட்டால் இயந்திரமும் சில திங்களில் நின்றுவிடும் என்ற அச்சம் இயல்பானதே. சம்பளப் பட்டியலும் சரக்கிருப்புக் கணக்கும் அவற்றைச் சார்ந்திருந்தன.

இயந்திரங்கள் நிற்கவில்லை. 1975இல் மத்திய அரசு நிறுவியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் அவற்றின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்மில் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் பலர் அந்நிறுவனத்தில் சேர்ந்தனர் என்பது இதற்கு ஒரு காரணம். அடிக்கடி மறக்கப்படும் மற்றொரு காரணம் அந்த இயந்திரங்களின் உள்ளமைப்பிலேயே இருந்தது.

அன்று இந்தியாவில் பரவலாக இருந்தது ஐ.பி.எம். 1401. 1959இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட இக்கணிப்பொறி, உள்ளங்கையில் அடங்கும் ஆயிரக்கணக்கான சிறு மின்சுற்று அட்டைகளால் ஆனது. ஒவ்வோர் அட்டையின் விளிம்பிலும் 16 தொடுமுனைகள். அட்டையைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும், அதே இனத்து வேறோர் அட்டையைச் செருகினால் பொருந்திக்கொள்ளும். ‘ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம்’ என்பதே அந்த அட்டை முறைக்கு ஐ.பி.எம். இட்ட பெயர். எந்த அட்டை எந்த இடத்தில் என்ன பணி செய்கிறது என்பதைக் காட்டும் வரைபடத் தொகுதிகள் இயந்திரத்தின் அருகிலேயே வைக்கப்பட்டிருந்தன. பழுதான அட்டையைக் கண்டுபிடித்து மாற்றுவதற்கு அந்த இயந்திரத்தை வடிவமைத்த மேதை தேவையில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த பொறியாளரும் ஒரு மாற்று அட்டையும் போதும். செய்தவரின் விருப்பத்துக்கு அப்பாலும் ஓர் இயந்திரம் உயிர்வாழ முடிந்தது.

இவ்வாறு தனித்தனிக் கூறுகளாக அமைந்து, ஒரு கூறை நீக்கி அதன் இடத்தில் வேறொன்றைப் பொருத்த இடம் தரும் அமைப்பைக் ‘கூறுமுறை அமைப்பு’ எனலாம். இன்று அலுவலக மேசைமீதுள்ள கணிப்பொறிக்கு இந்தப் பண்பு எந்த அளவுக்கு எஞ்சியுள்ளது, அது குறைவதால் நேரும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

கடிகாரம் செய்த இருவர்

கூறுமுறையின் பயனைப் பொறியாளர்களுக்கு நிகராகப் பொருளாதார அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். ஹெர்பர்ட் சைமன் 1962இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஹோரா, டெம்பஸ் என்னும் இரு கடிகாரத் தொழிலாளரின் கதையைச் சொல்கிறார். இருவர் செய்யும் கடிகாரத்துக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்புகள். டெம்பஸ் ஆயிரத்தையும் ஒரே தொடராகக் கோக்கிறான். இடையில் தொலைபேசி மணி அடித்தால் கையிலுள்ளதைக் கீழே வைக்க வேண்டும், வைத்தவுடன் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஹோரா பத்துப் பத்து உறுப்புகளாகச் சிறு தொகுதிகள் செய்து, அத்தொகுதிகளைப் பத்துப் பத்தாக இணைக்கிறான். மணி அடித்தால் அவனுக்கு இழப்பு ஒரு சிறு தொகுதி மட்டுமே. ஹோரா செழிக்க, டெம்பஸ் கடையை மூடுகிறான். சைமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்த ஆண்டும் 1978தான் என்பது தற்செயலான பொருத்தம்.

கார்லிஸ் பால்டுவின், கிம் கிளார்க் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் ‘டிசைன் ரூல்ஸ்’ என்னும் நூலில் இக்கருத்தை மேலும் வளர்த்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று கணிப்பொறித் தொழிலேயாகும். அவர்களது வாதத்தின் சாரம் இது: எதிர்காலத்தில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமைக்கே ஒரு மதிப்பு உண்டு. முழுக் கணிப்பொறியையும் ஒரே பொருளாக வாங்கியவர்க்கு, பின்னர் இருப்பது ஒரே ஒரு தெரிவுரிமை. முழுவதையும் வைத்துக்கொள்வது அல்லது முழுவதையும் மாற்றுவது. கூறுகளாக வாங்கியவர்க்கோ ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தெரிவுரிமை உண்டு. நினைவகத்தின் விலை வீழ்ந்து அதன் திறன் உயர்ந்த ஆண்டில் நினைவகத்தை மட்டும் மாற்றலாம். திரை நன்றாயிருக்கும்வரை அதைத் தொட வேண்டியதில்லை. எந்தப் பாகம் விரைவாக முன்னேறும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாத தொழிலில், இத்தனி உரிமைகளின் கூட்டுமதிப்பு மிகப் பெரிது.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். அறிவித்த ‘சிஸ்டம் 360’ வரிசை இதற்கு முதற்பெரும் எடுத்துக்காட்டாகும். அதற்குமுன் ஒரு நிறுவனம் சிறிய கணிப்பொறியிலிருந்து பெரியதற்கு மாறினால், நிரல்கள் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. துணைக்கருவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. புதிய வரிசையில் பல திறன்நிலைக் கணிப்பொறிகள் ஒரே கட்டளைத் தொகுதியை ஏற்றன; ஒரே வகை இணைப்பின் வழியே வட்டு, நாடா, அச்சுப்பொறி ஆகியவற்றை ஏற்றன. வாடிக்கையாளருக்கு இது பெரும் வசதி. ஐ.பி.எம்முக்கோ எதிர்பாராத ஒரு விளைவும் நேர்ந்தது. இணைப்பின் இலக்கணம் தெரிந்த எவரும் அதில் பொருந்தும் கருவியைச் செய்யலாமல்லவா? 1967இல் அந்நிறுவனத்தின் கலிபோர்னியா வட்டுப் பிரிவிலிருந்து பன்னிருவர் விலகித் தனி நிறுவனம் கண்டனர். ஐ.பி.எம். கணிப்பொறியில் அப்படியே செருகத்தக்க, ஆனால் விலை குறைந்த வட்டுக் கருவிகள் விரைவில் சந்தைக்கு வந்தன.

இதனின்று ஓர் உண்மை புலனாகிறது. பாகங்கள் கழன்று வருவது பாதிக் கதையே. இணைப்பின் இலக்கணம் யார் கையில் இருக்கிறது என்பது மறுபாதி. அது வெளியிடப்பட்டிருந்தால் போட்டி உண்டாகும். மறைக்கப்பட்டிருந்தால், திருகாணி எத்தனை எளிதாகக் கழன்றாலும் வாங்குபவர் ஒரே கடைக்காரரின் குடியானவர்தான்.

திறந்த கதவும் மூட முயன்ற கதவும்

தனியாள் கணிப்பொறியின் வரலாறு இவ்வுண்மைக்கு விரிவுரை போல அமைந்துள்ளது. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் வெளிவந்த ஆல்டெய்ர் 8800, 100 முனைகள் கொண்ட செருகுவாய்களால் ஆன ஒரு பெட்டியே. அதைச் செய்த நிறுவனத்தின் நினைவக அட்டைகள் சரியாக இயங்காதபோது, பிறர் செய்த அட்டைகளைச் செருகி ஆர்வலர்கள் வேலையை முடித்துக்கொண்டனர். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறியின் மூடியைக் கையாலேயே திறக்கலாம். உள்ளே எட்டுச் செருகுவாய்கள் இருந்தன.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. தொடக்க விலை 1,565 டாலர். விரிவாக்கத்துக்கு ஐந்து செருகுவாய்கள். அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தமையால் செயலியை இன்டெல்லிடமிருந்தும் இயக்க அமைப்பை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் பெற்றனர். மின்சுற்று வரைபடங்களும் அடிப்படை நிரலின் முழு வாசகமும் அடங்கிய தொழில்நுட்பக் கையேடு விலைக்கே கிடைத்தது. அடிப்படை நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தது. ஆனால் 1982 நவம்பரில் காம்பாக் நிறுவனம், அந்நிரலின் வாசகத்தைப் பாராமல் அதன் செயலை மட்டும் கண்டு எழுதப்பட்ட மாற்று நிரலுடன் இணக்கமான கணிப்பொறியை அறிவித்தது. பின்னர் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அவ்வழியே நடந்தன.

இக்கதவை மூட ஐ.பி.எம். முயன்றது. 1987இல் வெளியிட்ட பி.எஸ்.2 வரிசையில் ‘மைக்ரோ சேனல்’ என்னும் புதிய செருகுவாயை அமைத்து, அதைப் பயன்படுத்த விரும்புவோர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமென்றது. தொழில்நுட்பத்தில் அது பழையதைவிடச் சிறந்தது என்பதை மறுப்பார் இல்லை. எனினும் மறு ஆண்டே காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் கூடிப் பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறொரு பொது இணைப்பை அறிவித்தன. சந்தை மைக்ரோ சேனலை ஏற்கவில்லை. அவ்வரிசையின் நினைவாக நெடுங்காலம் நிலைத்தது விசைப்பலகையையும் சுட்டெலியையும் செருகும் சிறு வட்டத் துளையே. அதை எல்லோரும் கட்டணமின்றிப் பின்பற்றியதால் அது நிலைத்தது. 1990களில் பி.சி.ஐ., ஏ.டி.எக்ஸ்., யு.எஸ்.பி. ஆகிய பொது இலக்கணங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு நாட்டில் செய்த தாய்ப்பலகை, மற்றொரு நாட்டில் செய்த பெட்டிக்குள், மூன்றாம் நாட்டு மின்வழங்கியுடன் அளவு மாறாமல் பொருந்தியது.

நேரு பிளேஸில் நிகழ்ந்த கல்வி

இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணிப்பொறிக் கொள்கை, இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் பாகங்களின் வரவை எளிதாக்கியது. பாகங்களைத் தருவித்துத் திருகாணி முடுக்கி விற்பதுதான் தொழில் வளர்ச்சியா என்று அன்று ஏளனம் எழுந்தது. ‘ஸ்குரூ டிரைவர் தொழில்நுட்பம்’ என்ற சொல் அக்கால விவாதங்களில் வசவாகவே வழங்கியது. அந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. சிலிக்கான் சில்லுகள் உள்நாட்டில் செய்யப்படவில்லை, மதிப்பின் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே தங்கியது.

ஆயினும் அதன் மறுபக்கம் கணக்கில் எடுக்கப்படவில்லை. புதுதில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு ஆகிய இடங்களில் பாகங்கள் காய்கறி போலத் தனித்தனியே விலை கூறப்பட்டன. பட்டமேதும் இல்லாத இளைஞர்கள் தாய்ப்பலகையையும் வட்டையும் நினைவகத்தையும் கோத்துக் கணிப்பொறி செய்யக் கற்றனர். ‘அசெம்பிள்டு’ கணிப்பொறி என்று பெயர் பெற்ற இவை, பெயர்பெற்ற நிறுவனங்களின் விலையைக் கீழே இழுத்தன. பயிற்சி மையங்களும் சிற்றூர்ப் பள்ளிகளும் முதன்முதலாக வாங்க முடிந்த கணிப்பொறி பெரும்பாலும் இதுவே. ஐந்தாண்டுகள் கழித்து அதன் வட்டு நிறைந்தபோது, வட்டை மட்டும் மாற்ற ஒரு தெருவும் அத்தெருவில் கைதேர்ந்த ஒருவரும் இருந்தனர். எந்தத் திட்ட ஆவணத்திலும் இடம்பெறாத தொழிற்கல்வி அது. பொது இலக்கணம் இல்லாதிருந்தால் அத்தெருக்கள் தோன்றியிரா.

பற்றவைத்த நினைவகம்

இன்று மேசைக் கணிப்பொறியின் இடத்தை மடிக்கணினி பெருமளவு பிடித்துவிட்டது. மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற போட்டியில், செருகுவாய்கள் ஒவ்வொன்றாக நீங்கின. 2012இல் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா திரை மேக்புக் புரோவில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. 2020இல் வந்த எம்1 சில்லில் நினைவகம் செயலியுடன் ஒரே உறைக்குள் அமைந்தது. பிற நிறுவனங்களின் மெல்லிய மடிக்கணினிகளிலும் பற்றவைத்த நினைவகம் பரவியது. மின்கலம் சில வகைகளில் பசையிட்டு ஒட்டப்படுகிறது. வாங்கும் நாளில் 8 ஜி.பி. நினைவகத்துடன் வந்த இயந்திரம், கழிக்கப்படும் நாளிலும் 8 ஜி.பி. நினைவகத்துடனேயே இருக்கும்.

இதை உற்பத்தியாளரின் சூழ்ச்சி என்று மட்டும் கூறுவது நேர்மையன்று. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே செல்லும் குறிகைகள் இன்று நொடிக்குப் பல நூறு கோடி முறை மாறுகின்றன. அந்த வேகத்தில் ஒவ்வொரு தொடுமுனையும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தூரமும் குறிகையைச் சிதைக்கும். அதை ஈடுசெய்ய மின்னாற்றல் கூடுதலாகச் செலவாகும். செயலியின் அருகிலேயே பற்றவைத்தால் வேகம் கூடும், மின்கலம் நீண்டநேரம் நிற்கும். இணைப்பு என்பதே ஒரு பலவீனமும் ஆகும். தூசி படிந்தும் துருவேறியும் இணைப்புகள் கெடுவதை எந்த அலுவலகத்தின் பராமரிப்பாளரும் அறிவார். நினைவக அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பை அழிப்பானால் தேய்த்து மீண்டும் செருகுவது அவரது முதல் வைத்தியம்.

எல்லாவற்றையும் கழற்றத்தக்கதாகச் செய்யும் பேராசை தோற்ற வரலாறும் உண்டு. 2013 அக்டோபரில் அன்று கூகுளுக்கு உரிமையாயிருந்த மோட்டோரோலா, ‘புராஜெக்ட் ஆரா’ என்ற திட்டத்தை அறிவித்தது. கைபேசியின் ஒவ்வோர் உறுப்பும் கட்டைபோலச் செருகவும் நீக்கவும் தக்கதாயிருக்கும் என்பது அதன் கனவு. 2016 மே மாதத்தில் செயலியும் திரையும் சட்டகத்திலேயே நிலையாக வைக்கப்படும் என்று கனவு சுருங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் தனி உறை, தனி இணைப்பு, அவற்றுக்கான இடம், எடை, விலை ஆகிய சுமைகளைக் கைபேசி தாங்குவது எளிதன்று.

ஆகவே எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற வேண்டாம் என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு பொது அறிவு அளவுகோல் உண்டு. பாகங்கள் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஒரே வேகத்தில் பழையனவாவதும் இல்லை. மின்கலம் சில ஆண்டுகளில் தளர்கிறது. விசிறி தூசியால் நிற்கிறது. விசைப்பலகைமீது தேநீர் கொட்டுகிறது. மென்பொருள் பெருக்கப் பெருக்க நினைவகமும் சேமிப்பகமும் போதாமற் போகின்றன. திரையும் உலோகக் கூடும் அவற்றைவிட நெடுங்காலம் நிற்கின்றன. விரைந்து தளரும் பாகத்தை நீடித்து நிற்கும் பாகத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தால், முழு இயந்திரத்தின் ஆயுளும் மிகக் குறைந்த ஆயுளுள்ள பாகத்தின் ஆயுளாகச் சுருங்கிவிடுகிறது. மாட்டுவண்டியில் அச்சாணி தேய்ந்ததற்காக வண்டியை எரித்தவர் எவரும் இலர்.

2021இல் அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மடிக்கணினி இந்த அளவுகோலை ஏறக்குறையப் பின்பற்றுகிறது. நினைவகம், சேமிப்பகம், மின்கலம், திரை, விசைப்பலகை ஆகியவற்றை ஒரே திருகாணிக் கருவியால் மாற்றலாம். செயலி தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டதுதான். ஆனால் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றலாம். அடுத்தடுத்த தலைமுறைச் செயலிகள் கொண்ட தாய்ப்பலகைகள் 2021ஆம் ஆண்டின் முதற்கூட்டிலேயே பொருந்துமாறு வெளிவந்துள்ளன. கழற்றப்பட்ட பழைய பலகையைத் தனிக் கணிப்பொறியாகப் பயன்படுத்த அதன் அளவுப்படங்களும் வெளியிடப்பட்டன. இது சிறு நிறுவனம், விலையும் குறைவன்று. மெல்லிய மடிக்கணினியையும் பாகம் மாற்றத்தக்கதாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றாக மட்டும் இதைக் கொள்ளலாம்.

மிகக் குறைந்த விலை எது?

பொதுப் பணத்தில் வாங்குவோருக்கு இதில் உள்ள பொறுப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. ஓர் அலுவலகத்துக்கு 100 மடிக்கணினிகள் தேவை. அனைத்தும் பற்றவைக்கப்பட்ட முதல் வகையின் விலை 48,000 ரூபாய். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் மின்கலத்தையும் மாற்றத்தக்க இரண்டாம் வகையின் விலை 50,000 ரூபாய். மற்றத் திறன்கள் சமம். மிகக் குறைந்த விலைப்புள்ளியே வெல்லும் என்பதால், 2,000 ரூபாய் வேறுபாட்டில் முதல் வகை வாங்கப்படுகிறது. கோப்பில் குறை காண எவராலும் இயலாது.

நான்காம் ஆண்டின் முடிவில் மின்கலம் தளர்ந்து, நினைவகம் போதாமற் போகிறது. முதல் வகையைக் கழிக்க வேண்டியதாகிறது. அதன் ஆண்டுச் செலவு 12,000 ரூபாய். இரண்டாம் வகையில் 6,000 ரூபாய் செலவிட்டு இரு பாகங்களையும் மாற்றினால் ஏழாண்டுகள் உழைக்கும் எனக் கொண்டால், மொத்தம் 56,000 ரூபாய். ஆண்டுச் செலவு 8,000 ரூபாய். பாகங்களின் விலை இருமடங்கானாலும் அது 9,000 ரூபாயை எட்டாது. வட்டியையும் பராமரிப்பாளரின் கூலியையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 100 இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வேறுபாடு. இயந்திரங்களை மாற்றும் நாள்களில் முடங்கும் வேலைக்கு இக்கணக்கில் இடமில்லை.

இந்த இழப்பு ஏன் எவர் கண்ணிலும் படுவதில்லை? வாங்கும் செலவும் பராமரிப்புச் செலவும் வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் வருகின்றன. வாங்கிய அலுவலர் நான்காண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருப்பார். வாங்கும் நாளின் 2,000 ரூபாயைத் தணிக்கை காண்கிறது; கழிக்கும் நாளின் இழப்பு ‘பழையதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. தனி அலுவலரைக் குறை கூறிப் பயனில்லை.

விதிகள் தடையாக உள்ளன என்றும் கூறுவதற்கில்லை. வாங்கும் பொருளின் விவரக்குறிப்பு செயல்நோக்கில், பொதுவாக, அளக்கத்தக்கதாக அமைய வேண்டும், குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சுட்டலாகாது என்பதே 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின் நிலை. பொது இலக்கணப்படி அமைந்த செருகுவாய் எவருடைய வணிகப் பெயரும் அன்று. ‘நினைவகம் 8 ஜி.பி.’ என்று எழுதுவதற்குப் பதிலாக ‘நினைவகம் 8 ஜி.பி., பொது இலக்கணப்படியான செருகுவாயில், 32 ஜி.பி. வரை பயன்படுத்துபவரால் உயர்த்தத்தக்கது’ என்று எழுத விதி இடந்தருகிறது. அவ்வாறு எழுதினால் முதல் வகை போட்டிக்கே வராது. மிகக் குறைந்த விலைப்புள்ளி என்ற நெறியும் மீறப்படாது.

இரும்பு மட்டும் திறந்திருந்தால் போதாது என்பதையும் கருத வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தபோது, அடுத்த பதிப்பு கேட்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் இல்லாத, ஆனால் நன்கு இயங்கிவந்த கணிப்பொறிகள் கேள்விக்குறியாயின. அவற்றில் பலவற்றுக்கு லினக்ஸ் போன்ற திறந்த இயக்க அமைப்பு வாழ்வு தரும். அதற்குரிய பயிற்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். இதனினும் நுட்பமான தடை ஒன்றுண்டு. பாகத்தின் வரிசை எண்ணை மென்பொருளில் பிணைத்து, வேறு பாகம் பொருத்தப்பட்டால் இயந்திரம் முழுத்திறனில் இயங்க மறுக்குமாறு செய்வது அது. செருகுவாய் உண்டு, செருகும் உரிமை இல்லை. அமெரிக்காவின் ஆரகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம் இவ்வழக்கத்துக்குத் தடை விதித்தது.

சட்டமும் குப்பையும்

ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் பங்கேற்று 2024இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022இல் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவிகிதமே. எஞ்சியதில் ஒரு பகுதி தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கைகளால் பிரிக்கப்படுகிறது. அங்கும் கூறுமுறைக்கு ஒரு விலை உண்டு. கழற்றத்தக்க நினைவக அட்டை நினைவகமாகவே மறுவிற்பனையாகிறது. பற்றவைத்த சில்லு பெரும்பாலும் பலகையோடு எடைக்குப் போய், தீயிலும் அமிலத்திலும் உலோகமாகிறது. அதைச் செய்பவரின் நுரையீரல் எந்த விலைப்புள்ளியிலும் இடம்பெறுவதில்லை.

இந்தியாவில் 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சியின் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பழைய கருவியைப் புதுப்பித்து மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவதையும் அவை ஏற்கின்றன. புதுப்பித்ததற்கான சான்றிதழ் உற்பத்தியாளரின் கடப்பாட்டைத் தள்ளிவைக்க உதவுகிறது. ஆனால் புதுப்பிப்பவர் திறக்க முடியாத கருவியைப் புதுப்பிப்பது எப்படி? பழுதுபார்க்கும் உரிமைக்கான வரையறையை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. பிரான்சு 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட பொருள்களில் பழுதுபார்ப்பு எளிமைக்கான மதிப்பெண்ணை விலைச்சீட்டின் அருகே காட்டுமாறு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துபவரே கழற்றத்தக்கதாக அமைக்க வேண்டுமென்று கூறி, அதற்கு 2027 பிப்ரவரி 18ஐ நாளாகக் குறித்துள்ளது.

நினைவகத்தைப் பற்றவைப்பதற்குச் சொல்லப்பட்ட தொழில்நுட்பக் காரணமும் இப்போது வலுவிழந்து வருகிறது. 2022இல் டெல் நிறுவனம் தன் மடிக்கணினிகளில் தட்டையான புதிய நினைவக அட்டை ஒன்றைப் புகுத்தியது. அதுவும் மைக்ரோ சேனல் போலத் தனியுடைமையாகிவிடும் என்ற ஐயம் அன்று எழுந்தது. ஆனால் அவ்வடிவமைப்பு நினைவகத் தொழிலின் பொது இலக்கணங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பிடம் அளிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் ‘கேம்2’ என்ற பெயரில் பொது இலக்கணமாயிற்று. அட்டை செயலியின் அருகே தட்டையாகப் படுத்து, திருகாணியால் அழுத்தப்படுகிறது. குறிகை செல்லும் வழி குறுகுகிறது. இதுவரை பற்றவைத்தே தீர வேண்டும் எனப்பட்ட குறைந்த மின்னாற்றல் நினைவகத்தையும் கழற்றத்தக்க அட்டையாகக் கொண்ட முதல் மடிக்கணினிகள் 2024இல் விற்பனைக்கு வந்தன. அவை இப்போதைக்கு விலை உயர்ந்த வகைகளே. பெருமளவில் வாங்குபவர் கேட்கும்வரை அவை அப்படியேதான் இருக்கும். இந்தியாவில் மிகப் பெருமளவில் வாங்குவோருள் அரசு அலுவலகங்களும் அடங்கும்.